பையின் அடியில் ஒரு ஜாண்

அரக்கு நிறப் பட்டில் தைத்த நீளமான பை அது. ஆயுத பூஜைக்கு வீட்டைச் சுத்தம் செய்தபோது பரணிலிருந்து நீங்கள் இருவரும்தான் இழுத்துக் கீழே போட்டீர்கள். மேலே மாங்காய்க் கரை ஒரு துண்டு, நடுவில் கோபுரக் கரை ஒரு துண்டு, அதற்கும் கீழே மயில் கழுத்து நிறத்தில் ஒரு பட்டை என்று பத்துக் கல்யாணப் பெண்களின் ரவிக்கைத் துணி அந்தப் பையில் இருக்கும். வாயைச் சுருக்கிக் கட்ட நாடா, நாடாவின் முனையில் ரவிக்கைக்கு வைப்பதுபோல் குஞ்சம். அண்ணன் இதை மீன்பிடிக்கிற கழி என்றான். தங்கை நாதஸ்வரம் என்றாள். திறந்து பார்த்தால் உள்ளே ஒன்றின் கீழ் ஒன்றாக, இரண்டு துண்டாக, வழவழவென்று ஒரு மரக் கழி. அதை மறுபடி உள்ளே போட்டபோது பையின் அடியில் ஒரு ஜாண் காலியாகத் தொங்கியது. "பை தெச்சவருக்கு அளவெடுக்கத் தெரியாதாப்பா?" என்று தங்கை கேட்டாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தி. நகரில் பாதிக் கல்யாணப் பெண்களுக்கு அளவெடுத்த மனிதரைப் பற்றியல்லவா கேட்கிறாள்! அன்றைக்குச் சாம்பிராணிப் புகையில் பதில் சொல்ல நேரமில்லை. இப்போது எழுதிக் கொடுக்கிறேன். நான் ஐ.டி.ஐ. முடித்து லிஃப்ட் வேலைக்குப் போனவன்; எழுதிப் பழக்கமில்லை. தப்பு இருந்தால் பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

தி. நகரில் உஸ்மான் ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் அண்ணாச்சி ஒருவர் பாத்திரக் கடை வைத்திருந்தார். அதன் மாடியில் ஒரு பூல் டேபிளையும் போட்டிருந்தார். பச்சைத் துணி விரித்த மேசை, ஆறு குழிகள். வெள்ளைப் பந்தை நீளக் கழியால் இடித்து மற்றப் பந்துகளைக் குழியில் விழவைக்க வேண்டும். அந்தக் கழிக்குப் புத்தகத்தில் வேறு பெயர் இருக்கலாம், எங்களுக்கு அது ஸ்டிக். அப்போது தி. நகரில் எனக்கு நிறைய லிஃப்ட்டுகள். ஞாயிற்றுக்கிழமை காலையில் கடைகள் திறக்கும் முன்பே பராமரிப்பு வேலையை முடித்துவிட்டு, கையில் ஒட்டிய கிரீஸைத் துடைத்துக்கொண்டு அங்கே ஏறுவேன். கீழே எவர்சில்வர் குடங்களை அடுக்கும் சத்தம், மேலே பந்துகள் மோதும் சத்தம். பக்கத்துச் சந்தில் பிளவுஸ் டெய்லராக இருந்த பாய் அங்கேதான் எனக்குப் பழக்கம். நெட்டையான ஆள். கழுத்தில் அளவு டேப்பு எப்போதும் தொங்கும். சட்டைப் பையில் துணியில் கோடு போடும் வெள்ளைச் சாக்கட்டி, பேன்ட் பையில் ஸ்டிக்கின் முனையில் தேய்க்கும் நீலச் சாக்கட்டி. எப்போதாவது கை மாறிவிட்டால் யாரோ ஒரு கல்யாணப் பெண்ணின் துணியில் நீலக் கோடு விழும். அப்போது அவர் தன்னையே திட்டிக்கொள்வதைக் கேட்க வேண்டும்!

ஹாலில் எல்லாருக்கும் பொதுவாகச் சில ஸ்டிக்குகள் சுவரில் மாட்டியிருக்கும். பெரும்பாலோருக்கு அதுவே போதும். பாய்க்கு மட்டும் சொந்தமாக ஒன்று வேண்டும் என்று நெடுநாள் ஆசை. கொட்டிவாக்கத்தில் ஒரு பையன் வெளிநாட்டுக்குப் படிக்கப் போகிறான், தன் ஸ்டிக்கை விற்கிறான் என்று கேள்விப்பட்டு இருவரும் என் வண்டியில் போனோம். கடற்காற்று அடிக்கும் இரண்டாவது மாடி வீடு. ஸ்டிக் வாங்குவது கிட்டத்தட்டப் பெண் பார்ப்பது மாதிரிதான். இரண்டு பாதியையும் திருகிச் சேர்த்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு நீளவாக்கில் பார்ப்பார்கள். தரையில் உருட்டி, துள்ளாமல் ஓடுகிறதா என்று குனிந்து கவனிப்பார்கள். அடியைத் தரையில் லேசாகத் தட்டிச் சத்தம் கேட்பார்கள். பாய் இத்தனையும் செய்துவிட்டு, கடைசியில் பட்டுத் துணியைப் பார்ப்பதுபோல் புறங்கையால் மரத்தைத் தடவினார். "சில்க்கு மாதிரி கீது நைனா" என்றார் என் காதில். அந்தப் பையனோ ஸ்டிக்கைக் கொடுத்த பிறகும் ஒரு முனையை விடாமல் பிடித்துக்கொண்டே நின்றான். "எங்க ஆடுவீங்கண்ணே?" என்று கேட்டான். தி. நகர் என்றதும்தான் அவன் முகம் தெளிந்தது. அவன் ஆடுவது அடையாறில். எதிரே நின்று ஆடுகிறவனுக்கு ஸ்டிக்கை விற்கக் கூடாது என்பது எங்கள் வட்டாரத்தில் எழுதாத பழக்கம். விற்ற ஸ்டிக்காலேயே தோற்பது யாருக்கும் பொறுக்காது. "நான் போனப்புறம் அப்பப்ப ஒரு போட்டோ அனுப்புங்கண்ணே" என்று வாசல் வரை வந்து சொன்னான். பாய் தலையில் கைவைக்காத குறையாகச் சத்தியம் செய்தார். அந்த வாரமே மிச்சப் பட்டுகளைச் சேர்த்துத் தைத்த பைதான் நீங்கள் பார்த்தது. தைத்தபோது அது திருகிச் சேர்த்த முழு ஸ்டிக்குக்கு இம்மி பிசகாத அளவு.

இனி தூணைப் பற்றிச் சொல்ல வேண்டும். டேபிளின் ஒரு நீளப் பக்கத்தில் கட்டடத்தின் தூண் ஒன்று மிக நெருக்கமாக நின்றது. வெள்ளைப் பந்து அந்தப் பக்கம் ஒதுங்கிவிட்டால், ஸ்டிக்கைப் பின்னால் இழுக்கும்போது அதன் அடி தூணில் 'டொக்' என்று இடிக்கும். குறி பிசகிவிடும். அதற்காகவே ஹாலில் நீளம் குறைந்த ஸ்டிக் ஒன்று இருந்தது. அதற்குப் பெயர் குட்டை. தூண் பக்கம் வந்தால் யாராக இருந்தாலும் தன் ஸ்டிக்கை வைத்துவிட்டுக் குட்டையை எடுத்துத்தான் ஆட வேண்டும். பாய் ஒருநாள், "இந்தத் தூணை எடுத்துட்டா இன்னா அண்ணாச்சி?" என்று கேட்டார். "எடுத்துரலாம் பாய். பொறவு மேல்மாடி உங்க தலையிலதான் நிக்கும், சரியா?" என்றார் அண்ணாச்சி.

எல்லாரும் சகித்துக்கொண்ட அந்தத் தூணைத் தனக்குச் சாதகமாக்கிக்கொண்டவர் மயிலாப்பூர் மாமா. ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். குள்ளமான உருவம், மடித்துக் கட்டிய வேட்டி, நெற்றியில் விபூதி. ஞாயிறு காலையில் கபாலி கோயிலுக்குப் போய்விட்டு நேராகப் பஸ் ஏறி வருவார். சொந்த ஸ்டிக் கிடையாது. "எல்லாம் மரந்தானேய்யா, எதுல இடிச்சா என்ன?" என்பார். ஆனால் தன் பந்தைக் குழியில் போட முடியாதபோதெல்லாம் வெள்ளைப் பந்தைப் பூனை நடப்பதுபோல் மெதுவாக உருட்டி, சரியாகத் தூண் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்திவிடுவார். நிறுத்திவிட்டுத் தானே போய்க் குட்டையை எடுத்துவந்து, சந்தனப் பேலா நீட்டுவதுபோல் பாயிடம் நீட்டுவார். "எடுத்துக்கோங்கோ பாய், சங்கோஜப்படாதேள்." அதில்தான் பாய்க்கு உடம்பெல்லாம் எரியும். குட்டை அவர் கைக்குப் படியவே இல்லை. மற்ற எல்லாரையும் ஜெயிப்பார், மாமாவிடம் மட்டும் ஒவ்வொரு ஞாயிறும் தோற்பார். தன் ஸ்டிக்கால், அந்த டேபிளில், மாமாவை ஒரு தடவையாவது ஜெயிக்க வேண்டும். அந்தக் காலத்தில் பாயின் மனத்தில் இருந்தது இது ஒன்றுதான்.

ஒருநாள் அவர் கடைக்குப் போனபோது ஸ்டிக்கைத் தையல் மேசையில் கிடத்தி, அளவு டேப்பை அதன்மேல் ஓட்டிக்கொண்டிருந்தார். "ஒரே ஆட்டத்துல ரெண்டு ஸ்டிக்க மாத்தி மாத்தி ஆடுறது, ஒரே சட்டையில ரெண்டு டெய்லர் கை வெக்கிற மாதிரி நைனா. தோளு ஒரு பக்கம் போவும், கை ஒரு பக்கம் போவும்" என்றார். சிறிய ஸ்டிக் ஒன்றைப் புதிதாக வாங்கிப் பழகலாமே என்று சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை. "ஆளுக்குத் தக்கன சட்டைய வெட்டுறோம். தூணுக்குத் தக்கன ஸ்டிக்க வெட்டுனா இன்னா?" மந்தைவெளியில் பூரிக்கட்டை, கட்டில் கால் எல்லாம் கடைந்து தரும் ஆசாரி ஒருவரிடம் போனோம். ஸ்டிக்கின் அடிப்பக்கத்தில் ஒரு ஜாண் தள்ளி, பாய் தன் கையாலேயே வெள்ளைச் சாக்கட்டியால் கோடு கிழித்தார். நல்ல சாமானாக இருக்கிறதே, வெட்டத்தான் வேண்டுமா என்று ஆசாரி கேட்டார். பாய் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "வெட்டுங்க" என்றார். விழுந்த துண்டை எடுத்துப்போய்த் தன் கடையில் நூல்கண்டு மாட்டும் முளையாக வைத்துக்கொண்டார்.

அடிப்பக்கம் குறைந்ததால் ஸ்டிக்கின் கனம் முன்னுக்குப் போய்விட்டது. பிடிக்கும் இடத்தை மாற்றி, நிற்கும் இடத்தை மாற்றி, நெட்டை உடம்பை இன்னும் குனியவைத்து, விடாமல் பழகினார். பிறகு ஒரு ஞாயிறு மாமாவுடன் ஆட்டம். இருவருக்கும் கடைசியாகக் கறுப்புப் பந்து மட்டும்தான் பாக்கி; அதைப் போடுகிறவருக்கு ஜெயம். மாமா வழக்கம்போல் வெள்ளையை உருட்டித் தூணோரம் நிறுத்தினார், வழக்கம்போல் குட்டையை எடுத்துவந்து நீட்டினார். பாய் தலையை மட்டும் ஆட்டிவிட்டுத் தன் ஸ்டிக்கோடு குனிந்தார். பின்னால் இழுத்தார். 'டொக்' வரும் என்று எல்லாரும் காதைத் தீட்டிக்கொண்டிருந்தோம். வரவில்லை. கறுப்புப் பந்து குறுக்கே ஓடி மூலைக் குழியில் விழுந்தது. நீட்டிய குட்டை நீட்டியபடி இருக்க, மாமா தூணையும் ஸ்டிக்கையும் மாறி மாறிப் பார்த்தார். "வெட்டிட்டேளா பாய்? அந்த அழகான சாமானையா?" என்று கேட்டார். அந்தக் குரலில் தோற்ற வருத்தத்தைவிட வேறு ஏதோ இருந்தது. பாய் அதைக் கவனிக்கும் நிலையில் இல்லை. கீழே ஓடிப்போய் எல்லாருக்கும் டீயும் சமோசாவும் சொன்னார். குடம் வாங்க வந்திருந்த ஒரு குடும்பத்துக்கும் சேர்த்துத்தான். கொட்டிவாக்கத்துப் பையனுக்குப் போட்டோ அனுப்பினார். அதில் ஸ்டிக்கின் மேல் பாதி மட்டும் தெரிந்தது. "கீழ ஏன் பாய் எடுக்கல?" என்றேன். "வெளிச்சம் பத்தலபா" என்றார்.

அந்தச் சந்தோஷம் ஒரு பண்டிகை வரைகூட நிலைக்கவில்லை. தீபாவளிச் சரக்கு வைக்க மாடி வேண்டும் என்று அண்ணாச்சி டேபிளை அடையாறுக்குக் கொண்டுபோய்விட்டார். பழைய கல்யாண மண்டபம் ஒன்றின் பந்திக் கூடம். நூறு பேர் இலை போட்டு உட்காரலாம், ஒரு தூண் கிடையாது. டேபிளைச் சுற்றி ஆள் ஓடலாம். புதிதாக வந்த எல்லாரும் ஆகா என்றார்கள். பாய் மட்டும் வாசலிலேயே நின்று கூடத்தைச் சுற்றிப் பார்த்தார். அங்கே வெட்டிய ஸ்டிக் அவர் காலை வாரியது. தூரத்துப் பந்து எட்டவில்லை. சுவரில் இருந்த முழு ஸ்டிக்கை எடுத்தால், அத்தனை நாள் பழகிய கை அதை ஏற்கவில்லை. வேடிக்கை என்னவென்றால் மாமாவும் தோற்க ஆரம்பித்தார். வெள்ளைப் பந்தை ஒதுக்கி வைக்க அங்கே தூண் இல்லையே! ஒருவர் தூணை நம்பி ஆடினார், இன்னொருவர் தூணுக்குப் பயந்து ஆடினார். தூண் போனதும் இரண்டு பேருக்குமே ஆட்டம் போய்விட்டது.

பாய் ஸ்டிக்கை விற்றுவிடப் பார்த்தார். அடையாறில் வேறு ஹால்களில் ஆடும் பையன்கள் கேள்விப்பட்டு வந்து, ஆசையாக வாங்கி உருட்டிப் பார்ப்பார்கள், ஒரு கண் மூடிப் பார்ப்பார்கள், தலையாட்டுவார்கள். நிமிர்த்தி நிறுத்தியதும் சிரிப்பு வந்துவிடும். "மீதி எங்கண்ணே?" என்றான் ஒருவன். "மச்சி, அண்ணன் பேரனுக்கு வாங்கினது போல" என்றான் இன்னொருவன். அதற்குப் பிறகு பாய் வருவதை நிறுத்திவிட்டார். பக்கத்துக் கட்டடத்து லிஃப்ட்டுக்குப் போனபோது கடையில் எட்டிப் பார்த்தேன். ஒரு ரவிக்கையின் உள்தையலைப் பிரித்துக்கொண்டிருந்தார். "இதுல பாரு, உள்ள ரெண்டு விரக்கட துணி விட்டு வெச்சுத்தான் தெப்பேன். நாளைக்குப் பொண்ணு குண்டாச்சுன்னா பிரிச்சு வுட்டுக்கலாம். எவ்ளோ வருசமா தெக்கிறேன், ஒரு துணிய ஒட்ட வெட்டுனது இல்ல. மரத்துல உள்துணி கிடையாது நைனா. அது எனக்குத் தெரியாமப் போச்சு" என்றார். ஆட்டத்தைப் பற்றி நான் பேச்செடுத்தேன். மெஷினை ஓடவிட்டார்.

அடையாறில் மாமா ஞாயிறுதோறும் வந்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். யார் கூப்பிட்டாலும் ஆட மாட்டார். ஒருநாள் என்னிடம், "பாய் கடை எங்கேன்னு தெரியுமோ? அழைச்சிண்டு போ" என்றார். கூட்டிப்போனேன். மாமா கடைப் படியில் ஏறி, நூல்கண்டு மாட்டியிருந்த மரமுளையை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகுதான் பேசினார்.

"ஸ்டிக்கை விக்கறேளாமே. நான் வாங்கிக்கறேன்."

"உங்களுக்கு இல்ல மாமா."

"ஏன், என் காசு செல்லாதோ?"

"எதிர்ல ஆடுறவங்களுக்கு விக்கறதில்ல. நம்ம பழக்கம்தான, உங்களுக்குத் தெரியாததா?"

"நீங்கதான் ஹாலுக்கே வர்றதில்லையே. அப்புறம் நான் எப்படி எதிர்ல ஆடறவன் ஆவேன்? வரலேன்னா ஸ்டிக்கைக் குடுங்கோ. குடுக்க முடியாதுன்னா வாங்கோ. ரெண்டுல ஒண்ணு."

பாயின் கால் மெஷின் மிதியில் அப்படியே நின்றது. வெள்ளைப் பந்தை மாமா மறுபடி தூணோரம் நிறுத்திவிட்டார் என்று எனக்குத் தோன்றியது. பாய் வாயில் கடித்திருந்த நூலை எடுத்துக் கீழே போட்டார். "உங்களுக்கு எதுக்கு மாமா அது? எல்லாம் மரந்தானன்னு சொல்லுவீங்களே" என்றார்.

"எனக்கு ஒசரம் கம்மி. இடுப்பும் முன்ன மாதிரி வளையமாட்டேங்கறது. இந்த அளவு எனக்குன்னே வெட்டினாப்பல இருக்கு."

"உங்களாலதான மாமா வெட்டுனேன்!" என்று சொல்லிவிட்டுப் பாய் சிரித்தார். மாமாவும் சிரித்தார். அப்போதுதான் பாய் எழுந்துபோய் உள்ளேயிருந்து இந்தப் பையைக் கொண்டுவந்தார். "எடுத்துக்கினு போங்க. ஆனா ஞாயித்துக்கிழம நானும் வருவேன்."

"அது பழக்கமில்லையே பாய்?"

"பழக்கத்துல உள்துணி கீது மாமா. கொஞ்சம் பிரிச்சு வுட்டுக்கலாம்."

மாமா பையைத் தோளில் மாட்டிப் பார்த்தார். அடிப்பக்கம் தொங்கிக் கணுக்காலில் தட்டியது. அதை மட்டும் ஒரு ஜாண் பிடித்துக் கொடுக்கச் சொன்னார். டெய்லருக்கு அது ஒரு நிமிஷ வேலை. பாய் மாட்டேன் என்றுவிட்டார். "ஸ்டிக்கு இவ்ளோ நீளம் இருந்துச்சுன்னு சொல்றதுக்கு இந்தப் பை ஒண்ணுதான் கீது. இதுலயும் நான் கத்திரி வெக்கணுமா?" மாமா பையை அப்படியே தோளில் போட்டுக்கொண்டு படி இறங்கினார்.

அதன்பிறகு இருவரும் அடையாறில் வெகுநாள் ஆடினார்கள். பாய் சாதாரணமான முழு ஸ்டிக் ஒன்று வாங்கி, அதற்குப் பை தைக்காமல் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டு வருவார். எல்லாம் மரந்தானே என்ற மாமாவோ, ஆட்டம் முடிந்ததும் ஸ்டிக்கை மேல்துண்டால் துடைத்து, வேறு யாரும் தொடாமல் பையில் போட்டுக்கொள்வார். ஜெயிப்பதும் தோற்பதும் மாறி மாறி நடந்தது. அதை யாரும் எண்ணவில்லை. அப்புறம் மண்டபத்தை இடித்து ஃபிளாட் கட்டினார்கள். மற்ற ஹால்களுக்குப் போகலாம் என்றால் எல்லாம் மாடி. மாமாவின் முழங்கால் ஒத்துழைக்கவில்லை. ஒருநாள் என்னை வரச்சொல்லி இந்தப் பையைக் கொடுத்தார். "ஆத்துல மாட்டுப்பொண் இதோட நுனியில ஒட்டடைக் குச்சியைக் கட்டப் பாக்கறா. நீ வெச்சுக்கோ. வேணுங்கறச்சே கேக்கறேன்" என்றார். அப்படித்தான் இது நம் பரணுக்கு வந்தது.

நீங்கள் இதைக் கீழே இறக்கிய சில நாட்களில், வேளச்சேரியில் ஒரு பெரிய குடியிருப்புக்கு லிஃப்ட் பார்க்கப் போனேன். மூன்றாவது மாடியில் குடியிருப்போருக்கான பொழுதுபோக்குக் கூடம். உள்ளே புத்தம் புதிய பூல் டேபிள், பச்சைத் துணியில் ஒரு கறை இல்லை. "எவ்வளவோ ஆசையா வாங்கிப் போட்டோம் சார், யாரும் தொடவே மாட்டேங்கறாங்க" என்று செக்ரட்டரி குறைப்பட்டுக்கொண்டார். ஏன் என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. டேபிளை ஒட்டினாற்போல் தடிமனாக ஒரு தூண். வெளியாள் வந்து ஆடலாமா என்று கேட்டேன். யாராவது ஆடினால் போதும், ஞாயிற்றுக்கிழமை கூட்டிவாருங்கள் என்றார். மாமாவுக்குப் போன் செய்தேன். அவர் கேட்டது ஒன்றுதான்: "லிஃப்ட் ஓடறதோ?" நான்தான் பார்த்துக்கொள்கிறேன் என்றதும், "அப்போ என் ஸ்டிக்கைத் துடைச்சு வை" என்றார். பாய்க்கும் போன் செய்தேன். "தூணா? டேபிள் பக்கத்துலயா? வெட்டுன ஸ்டிக்கு இப்ப மாமாவுதல்ல! நான் இன்னா, மறுபடி ஒண்ண வெட்டணுமா?" என்றார். குரலில் அத்தனை உற்சாகம். "டேப்பு வெச்சு அளக்காத நைனா. பையோட எடுத்துகினு போய் வெச்சுப் பாரு."

நேற்று எடுத்துப்போனேன். பையிலிருந்து ஸ்டிக்கை எடுக்காமலே, இரண்டு பாதியையும் பைத் துணிக்கு மேலாகவே பிடித்துத் திருகிச் சேர்த்து, தூணோரம் வெள்ளைப் பந்து இருப்பதாக நினைத்துக் குனிந்து, பாய் இழுப்பதுபோல் பின்னால் இழுத்தேன். பையின் அடி, அதாவது முழு ஸ்டிக்கின் அடி இருந்திருக்க வேண்டிய இடம், தூணில் பட்டது. காலியாக இருந்த அந்த ஒரு ஜாண் பட்டு மெத்தென்று மடங்கியது. உள்ளே இருந்த மரம் தூணைத் தொடவே இல்லை. 'டொக்' சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு இன்னும் ஒருமுறை இழுத்துப் பார்த்தேன். கூடத்தில் ஏ.சி. ஓடும் சத்தம்தான் கேட்டது.

ஞாயிற்றுக்கிழமை நீங்கள் இருவரும் என்னோடு வாருங்கள். பை தைத்தவருக்கு அளவெடுக்கத் தெரியுமா என்று தங்கை அவரிடமே கேட்டுக்கொள்ளட்டும்.